ஜோசினியிலிருந்து மிட்மாருக்கு: படகை எங்கே கழுவுவது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜோசினி அணையில் டைகர் மீன் பிடித்துவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புவேன். அடுத்த சனிக்கிழமை அதே படகோடு மிட்மார் அணைக்குப் போகிறோம். வீட்டில் ஹோஸ் பிடித்துக் கழுவினால் போதுமா? பிளீச் ஊற்ற வேண்டுமா?"

போதாது. வீட்டில் கழுவும் தண்ணீர், படகில் ஒட்டிவந்த பாசித் துண்டையும் நத்தையையும் சேர்த்துக்கொண்டு, தெருச் சாக்கடை வழியாக ஓடைக்குப் போய்விடும். முக்கால்வாசி வேலையை ஜோசினிக் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

ஜோசினி என்றதும் நான் பயப்படுவது ஹைட்ரில்லாவை நினைத்துத்தான். ஊர்க் குளங்களில் கிடக்கும் அதே வேலம்பாசி. தென்னாப்பிரிக்காவில் அது முதலில் தெரியவந்தது 2006-ல், இந்த அணையில். அதற்கு விதைகூட வேண்டாம். ஒரு கணு உள்ள துண்டு விழுந்தாலே வேர் பிடித்துவிடும். சேற்றுக்குள் சின்னச் சின்னக் கிழங்கும் வைக்கும், அவை வருடக்கணக்கில் கிடந்து முளைக்கும். மிட்மாரில் ஒரு துண்டு விழுந்தால் அங்கேயே நின்றுவிடாது. உம்கேனி ஆறு அங்கிருந்து ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நாம் குடிக்கும் தண்ணீர் வழியாகத்தான் இறங்கி வருகிறது. இனாண்டாவில் ஆகாயத்தாமரைத் தொல்லையே போதும்.

படகை எல்லோரும் துடைக்கிறார்கள், டிரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. பாசி சிக்குவது பெரும்பாலும் அங்கேதான்: அச்சைச் சுற்றி, உருளைகளுக்கு இடையில், விளக்குக் கம்பிகளில், மட்கார்டுக்கு உள்ளே. குனிந்து கையால் பிடுங்குங்கள். அப்புறம் மோட்டார் விசிறி, நங்கூரக் கயிறு, வலை. நங்கூரத்தில் ஒட்டிய சேற்றில் கிழங்கு இருக்கலாம், அதை அங்கேயே அலசிவிடுங்கள். பிடுங்கியதைத் தண்ணீர் ஏறாத மேட்டில் போட்டுக் காயவிடுங்கள். படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையை மூடியிருக்கும் அடைப்பானைக் கழற்றுங்கள், மீன் தொட்டியைக் காலி செய்யுங்கள், மோட்டாரை நேராக இறக்கி உள்ளிருக்கும் தண்ணீரை வடியவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் புல்தரையில் நிறுத்தி, அடைப்பானைப் போடாமல், மூடிகளைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். ஐந்து நாளாவது வேண்டும். டர்பன் ஈரக்காற்றில் அதுவும் பத்தாமல் போகலாம். பெட்டிகளுக்குள் கைவிட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் சனிக்கிழமை மிட்மார் வேண்டாம், ஜோசினிக்கே திரும்பப் போங்கள். அவசரமென்றால் கொதிக்கக் கொதிக்க, அறுபது டிகிரிக்குக் குறையாத வெந்நீரை இடுக்குகளில் ஊற்றலாம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளீச்சை நான் சொல்ல மாட்டேன். அலுமினியத்தை அரிக்கும், வழிந்தால் ஓடையில் உள்ள மீனைக் கொல்லும். படகில் ஒட்டிவரும் நத்தைகளை அது நம்பும்படி கொல்வதும் இல்லை. ஆசியாவிலிருந்து வந்த டாரிபியா நத்தை இப்போது குவாசுலு-நேட்டால் ஆறுகளில் பரவிக் கிடக்கிறது. அதற்கு ஆண் துணை தேவையில்லை, ஒரே ஒரு நத்தை போதும் குட்டி போட்டுப் பெருக. வாயை மூடிக்கொண்டு ஈரத்தில் பல நாள் கிடக்கும். நடுவில் ஒருநாள் கடலுக்குள் படகை விட்டால் எல்லாம் செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். செயின்ட் லூசியா கழிமுகத்தின் உவர்நீரிலேயே இந்த நத்தை குடியிருக்கிறது.

மிச்சமான உயிருள்ள தூண்டில் இரையை மட்டும் ஓர் அணையிலிருந்து இன்னோர் அணைக்கு எடுத்துப் போகவே போகாதீர்கள், அந்த வாளித் தண்ணீரையும் சேர்த்துத்தான்.