வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, எக்கோ எடுக்கணுமா?

கேள்வி: எனக்கு ஆறாம் மாதம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வாசல்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. காரைக்குடியில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒருவர், "உடனே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுங்க, பேக்கேஜ்ல முடிச்சுத் தர்றேன்" என்கிறார். இதயக் கோளாறாக இருக்குமோ?

பதில்: உங்கள் ஊர் வாசல்படிகளில் ஏறினால் எனக்கே மூச்சு வாங்கும்.

பெரும்பாலும் இது நோயில்லை. கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதைத் தள்ள இதயம் நிமிடத்துக்கு 10, 20 முறை கூடுதலாக அடிக்கிறது. 'பிள்ளை மேலே ஏறி மூச்சை முட்டுகிறது' என்பார்கள். பாதிதான் உண்மை. வயிறே தெரியாத மூன்றாம் மாதத்திலும் பலருக்கு மூச்சு வாங்கும். அது ஹார்மோன் செய்கிற வேலை.

எக்கோவுக்கு முன்னால் கேட்க வேண்டியது ரத்தத்தில் ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்பது. 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அது முற்றினால் இதே இரைப்பு, இதே படபடப்பு. சீட்டில் 'நார்மல்' என்றிருந்தால் போதாது, எண்ணைக் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை அட்டை அட்டையாகக் கொடுத்தனுப்புகிறார்கள், விழுங்கினாயா என்று கேட்கத்தான் ஆளில்லை! மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகத்தான் போகும். காபி, டீயோடு மட்டும் சேர்த்துப் போடாதீர்கள்.

அந்த வாசல் ஆசாமிக்குக் கமிஷன் கவலை. எக்கோவால் பிள்ளைக்குக் கெடுதல் கிடையாது. தேவையென்றால் டாக்டர் எழுதட்டும். இவர்களை வாசலிலேயே நிற்க விடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டுகள் மாறி மாறி வீங்கினவா? பென்சிலின் ஊசி வருஷக்கணக்கில் போட்டார்களா? அந்தக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கலாம். கல்யாணம் வரை ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் ரத்தம் கூடும்போது சுருங்கிய வால்வில் அது தேங்கி, நுரையீரலில் நீர் கோக்கும். அம்மாவுக்கு நினைவில்லை என்றாலும் விடாதீர்கள். டாக்டரை ஸ்டெத் வைத்து நெஞ்சைக் கேட்கச் சொல்லுங்கள். கூட்டம் என்பார்கள். பரவாயில்லை, நின்று கேட்க வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, படுக்க முடியாமல் ராத்திரி எழுந்து உட்கார்ந்தாலோ, நெஞ்சு வலி, மயக்கம், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீக்கம் என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.