தோல்விக் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

கேள்வி: அண்ணாச்சி, ஃபிளாய்ட் மேவெதர் 50 சண்டை போட்டு 50-லும் ஜெயித்தவர். முகமது அலி ஐந்து தடவை தோற்றவர். அப்படியானால் மேவெதர்தானே உலகத்திலேயே தலைசிறந்த குத்துச்சண்டை வீரர்? வண்ணார்பேட்டை டீக்கடையில் நண்பனோடு இதற்குப் பந்தயம் கட்டியிருக்கிறேன். தோற்றவர் கொத்து பரோட்டா வாங்கித் தர வேண்டும். நான் இதுவரை எந்தப் பந்தயத்திலும் தோற்றதில்லை. ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், மேலப்பாளையம்)

பதில்: இல்லை.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், கொடுத்தாயிற்று. ஆனால் இதை மட்டும் அச்சிட்டுவிட்டு மீதிப் பக்கத்தை வெள்ளையாக விட்டால் பத்திரிகை முதலாளி என்னைக் கேள்வி கேட்பார். அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம். பரோட்டா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் கணக்கை உங்கள் வழியிலேயே போட்டுப் பார்க்கிறேன். தோற்காமல் அதிக வெற்றி வைத்திருப்பவர்தான் பெரியவர் என்றால், மேவெதருக்கு முதலிடம் கிடையாது. தாய்லாந்தில் வான்ஹெங் மெனயோதின் என்று ஒருவர் இருக்கிறார். 47.6 கிலோ, குத்துச்சண்டையிலேயே மிகச் சிறிய எடைப் பிரிவு, அதில் உலக சாம்பியனாக இருந்தவர். 2018-ல் மேவெதரின் 50-ஐத் தாண்டி, தோல்வியே இல்லாமல் 54 வரை போனார். முதல் தோல்வி 2020 நவம்பரில்தான். இடைப்பட்ட இரண்டு வருஷமும் உங்கள் கணக்குப்படி உலகத்தின் தலைசிறந்த வீரர் அவர்தான். அப்போது நீங்கள் வண்ணார்பேட்டையில் அவர் பெயரில் பந்தயம் கட்டியதாகத் தெரியவில்லை. அவர் பெயர் நமக்குப் பழக்கமில்லை என்பது அவர் குற்றமல்ல. உலகம் அவரை மேவெதருக்குக் கீழே வைத்ததற்குக் காரணம் வேறு. அவர் யாரோடு மோதினார் என்று எல்லோரும் கேட்டார்கள். சரி, வான்ஹெங்கிடம் கேட்ட கேள்வியை மேவெதரிடம் மட்டும் கேட்கக் கூடாதா?

கேட்போம். அந்த ஐம்பதாவது வெற்றி யாரை எதிர்த்து? 2017 ஆகஸ்டில் கானர் மெக்ரிகர். கூண்டுச் சண்டையில் பெரிய ஆள், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு முன் ஒரு தொழில்முறை குத்துச்சண்டைகூட ஆடியதில்லை. குறுக்குத்துறையில் நீந்தி வளர்ந்தவன், கிணற்றில் குதித்துப் பழகியவனை ஆற்றுக்குக் கூப்பிட்டுப் பந்தயம் விட்டது போல. அவரும் பத்தாவது சுற்று வரை நின்றார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் 49-ஐ 50 ஆக்க இது போதும் என்றால், அந்த 50-ஐ வைத்து அலியை அளக்க வராதீர்கள்.

பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவோடு மேவெதர் போட்ட சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-லிருந்து ‘இதோ, அதோ’ என்று பேச்சு. நடந்தது 2015 மே மாதம். அப்போது மேவெதருக்கு 38 வயது, பாக்கியாவுக்கு 36. அதற்குள் பாக்கியாவை 2012-ல் மார்க்கெஸ் ஒரே குத்தில் மல்லாத்தியிருந்தார். தாமதத்துக்கு இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் பூஜ்யத்தைக் காப்பாற்ற வேண்டியவர் ஒருவர்தான்.

இன்னொன்று. ‘தோல்வியே அறியாதவர்’ என்று நம்ம ஊர்ப் பையன்கள் அவர் படம் போட்ட பனியனோடு திரிகிறார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரியாவின் தொடோரோவிடம் மேவெதர் தோற்றிருக்கிறார். அந்தத் தீர்ப்பு தப்பு என்று அமெரிக்கர்கள் சண்டைக்குப் போனார்கள், வெண்கலம்தான் கிடைத்தது. தொழில்முறைக் கணக்கில் அது வராது என்பீர்கள். சரி, வராது. அதே போல 2002 ஏப்ரலில் காஸ்டிலோவோடு நடந்த சண்டையில் நடுவர்கள் மேவெதருக்குக் கொடுத்தார்கள், பார்த்தவர்களில் பல பேர் காஸ்டிலோதான் ஜெயித்தார் என்றார்கள். மூன்று நடுவர்களின் பேனா கொஞ்சம் சாய்ந்திருந்தால் இன்றைக்கு உங்கள் கேள்வியே கிடையாது. ஒரு மனிதனின் திறமை அவன் கையில், பூஜ்யம் மட்டும் நடுவர் கையில்.

இதைப் படித்துவிட்டு எனக்கு மேவெதரைப் பிடிக்காது என்று எழுதாதீர்கள். அந்த ஆள் மேல் அடி விழவைப்பது என்பது ஈரச் சோப்பைக் கையில் பிடிக்கிற வேலை. தோளை உயர்த்தி, முகவாயை அதற்குள் ஒளித்து, குத்தை வழுக்கி விடுவார். ஐந்து எடைப் பிரிவுகளில் பட்டம். 2001-ல் அதுவரை தோற்காத கொராலெஸை ஐந்து முறை தரையில் உட்கார வைத்தார். 2013-ல் அதுவரை தோற்காத கனேலோவுக்குப் பாடம் நடத்தினார். காஸ்டிலோ விஷயத்தில்கூட, ஊர் வாய் அடங்கட்டும் என்று அதே வருஷம் டிசம்பரில் திரும்பவும் அவரோடு மோதி ஜெயித்தார். மேவெதர் பெரிய வீரர் என்பதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமென்றால், இவற்றைத்தான் சொல்வேன். அந்தப் பூஜ்யத்தைக் கூண்டில் ஏற்ற மாட்டேன்.

வடசென்னைக்குக் குத்துச்சண்டை என்றால் நம்ம பக்கத்துக்குக் கபடி. எனவே ஒரு கபடிக் கதை. நான் கண்ணால் பார்த்தது. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு டீம் இருந்தது. கோயில் கொடைக்குக் கொடை, பொங்கலுக்குப் பொங்கல் கோப்பையோடு வருவார்கள். ‘ஏழாண்டுகள் தோல்வி காணாத’ என்று பஸ் நிறுத்தத்தில் துணி பேனரே கட்டியிருந்தார்கள். பாடிப் போகிற பையன் நல்ல உயரம், கால் மின்னல் மாதிரி. நாங்கள் எல்லாம் அவனை வாய் பிளந்து பார்ப்போம்.

ரகசியம் பிறகுதான் தெரிந்தது. போட்டி நடக்கிற ஊருக்கு மேனேஜர் காலையிலேயே ஒரு சின்னப் பையனைச் சைக்கிளில் அனுப்புவாராம். யார் யார் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து வர வேண்டும். அவன் திரும்பி வந்து, “அண்ணாச்சி, சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரனுவ வந்திருக்கானுவ” என்றால் போச்சு. உடனே பாடிப் போகிறவனுக்கு முட்டி வலிக்கும். இன்னொருவனின் ஆச்சிக்கு உடம்பு சரியில்லாமல் போகும். நுழைவுக் கட்டணம் மிச்சம். ஏழு வருஷத்தில் எத்தனை தடவை அந்த முட்டி வலித்தது என்று யாரும் பேனரில் எழுதவில்லை. ஆடாத ஆட்டத்துக்குத் தோல்விக் கட்டத்தில் இடம் கிடையாதே.

எட்டாவது வருஷம் சைக்கிள் பஞ்சரோ என்னவோ, தகவல் வரவில்லை. இவர்கள் பணம் கட்டி, பனியன் மாட்டி, மைதானத்தில் இறங்கிய பிறகுதான் எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. முதல் தடவை பாடிப் போனபோதே ஒருத்தன் குனிந்து கணுக்காலைப் பிடித்தான். பையன் உதறினான். வரவில்லை. மூன்று தடவை போனான், மூன்று தடவையும் அதே பிடி. மைக்காரர் “ஏழாண்டு தோல்வி காணாத” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். பேனர் அன்றிரவே இறங்கிவிட்டது.

எனக்கு மறக்காதது மறுநாள் காலை. ஜெயித்தவர்கள் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருந்தார்கள். இந்தப் பையன் போய், அந்தப் பிடியைப் பிடித்தவனை எழுப்பி, “அண்ணே, அது எப்படின்னு ஒரு தடவ காட்டுங்க” என்றான். அவனும் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, அங்கேயே மண்ணில் காட்டினான். அப்படி ஒரு பிடி இருப்பதே தனக்குத் தெரியாது என்று பையன் பிற்பாடு என்னிடம் சொன்னான். ஏழு வருஷம் ஜெயித்தவனுக்குத் தெரியாது! அடுத்த வருஷம் முட்டி வலிக்காமல் எல்லாப் போட்டிக்கும் போனான். அவற்றில் பாதிப் போட்டிகளில் தோற்றான். பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனவன் அந்த டீமிலேயே அவன் ஒருத்தன்தான்.

இப்போது அலியின் ஐந்து தோல்விகளுக்கு வருகிறேன். அதை நீங்கள் குறையாகச் சொன்னீர்கள், நான் வருஷம் போட்டுச் சொல்கிறேன். 1971-ல் ஃப்ரேஸியரிடம். வியட்நாம் போருக்கு வர மாட்டேன் என்றதற்காக மூன்றரை ஆண்டு சண்டையே போடவிடாமல் வைத்திருந்து விட்ட பிறகு. 1973-ல் நார்ட்டனிடம், தாடை உடைந்து. 1978-ல் ஸ்பிங்க்ஸிடம், 36 வயதில். இந்த மூன்று பேரையும் திரும்பக் கூப்பிட்டு ஜெயித்துவிட்டார். மீதி இரண்டும் 1980-ல் ஹோம்ஸ், 1981-ல் பெர்பிக். அப்போது அவருக்கு 38, 39 வயது. வீட்டில் இருந்திருக்க வேண்டிய மனிதர். அந்த இரண்டையும் பார்க்க எனக்கு மனசு வராது.

அலி 1967-ல் தடைக்கு முன்பே கையுறையைக் கழற்றியிருந்தால் அவர் கணக்கு 29-0. சுத்தமான பூஜ்யம். ஆனால் 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரத்தில் ஜார்ஜ் ஃபோர்மனோடு நடந்த சண்டை இருந்திருக்காது. அன்று வளையத்துக்குள் ஏறியபோது ஃபோர்மனுக்கு 40 வெற்றி, தோல்வி பூஜ்யம். அலிக்கு இரண்டு தோல்வி. உங்கள் டீக்கடைக் கணக்குப்படி சண்டையே நடத்தத் தேவையில்லை, கோப்பையை ஃபோர்மன் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். எட்டாவது சுற்றில் ஃபோர்மன் தரையில் கிடந்தார்.

ராக்கி மார்சியானோவை விட்டுவிட்டேன் என்பீர்கள். 49-0, அதில் 43 சண்டைகளில் எதிராளி முழுசாக நிற்கவில்லை. வயதான ஜோ லூயியை, 37 வயதில் வந்தவரை, அடித்ததும் அந்த 49-ல் ஒன்று. அதற்கு நான் மார்க் போட மாட்டேன். 1952-ல் வால்காட்டோடு முதல் சுற்றிலேயே விழுந்து எழுந்து, நடுவர்களின் அட்டையில் பின்தங்கி, பதின்மூன்றாவது சுற்றில் ஒரே குத்தில் முடித்தாரே, அதற்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுவேன். எடையைப் பார்க்காமல் ஒப்பிட்டால் யார் பெரியவர் என்று குத்துச்சண்டை தெரிந்தவர்களைக் கேட்டால் பலரும் சொல்கிற பெயர் சுகர் ரே ராபின்சன். அவருக்கு 19 தோல்வி. முதல் தோல்வி 1943-ல் லமோட்டாவிடம். மூன்றே வாரத்தில் திரும்ப மோதி ஜெயித்தார்.

இனி பரோட்டா. உங்கள் நண்பர் அலிதான் பெரியவர் என்றாரா, இல்லை ராபின்சன் என்றாரா, நீங்கள் எழுதவில்லை. யாரைச் சொல்லியிருந்தாலும், ‘50-0, அதனால்தான்’ என்று நீங்கள் கட்டிய பந்தயம் நிற்காது. காசை எடுங்கள். முட்டை இரண்டு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

ஆமாம், இதுவரை பந்தயத்தில் தோற்றதே இல்லை என்று எழுதியிருந்தீர்களே, மொத்தம் எத்தனை பந்தயம் கட்டியிருக்கிறீர்கள்?