பழைய இழைப்பு மெஷினுக்கு 48,000 ரூபாய் கொடுக்கலாமா?

கடலோரத் தொண்டிப் பக்கம் மரப்பட்டறை போடப்போவதாகவும், எட்டு வருஷம் ஓடிய 12 அங்குல இழைப்பு மெஷினுக்கு 48,000 சொல்கிறார்கள், நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுச் சேமிப்பை வைத்துத்தான் வாங்கப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் கைவேலையை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எட்டு வருஷக் கணக்கை விடுங்கள். அந்த எட்டு வருஷமும் மெஷின் எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள்.

2016-ல் நானும் ஒன்று வாங்கினேன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டறை. ஊர்ப் பெயர் வேண்டாம். 45,000 சொன்னார், 38,000-க்கு முடிந்தது. புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் ஓடியது. "பாருங்க தம்பி, சத்தமே இல்ல" என்றார். அதே அளவில் புதுசு அப்போது 72,000. பாதிக்குக் கொஞ்சம்தானே மேலே என்று அன்று சாயங்காலமே லோடு வண்டியில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் மண்டபத்திலிருந்து என் தாய்மாமா வந்தார். வள்ளம் கட்டுகிறவர். மெஷினின் மேல்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, மரத்தை வைத்துத் தள்ளுகிற டேபிளுக்கு அடியில் கையை விட்டுத் தடவி, என் முன்னால் விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்க மீன் செதில் மாதிரி துரு. அப்புறம் பேரிங் பக்கத்தில் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளைக் காட்டினார். அதன் வாயைப் பெயின்ட் மூடியிருந்தது. "பெயின்ட் அடிச்சவன் கிரீஸ் அடிக்கல மாப்ள. வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆறு மாதத்துக்குள் மோட்டார் ரீவைண்டிங் 4,500, பேரிங் 1,200, கத்தி 2,000 என்று போனது. குழிவிழுந்த டேபிளை மதுரையில் கிரைண்டிங் செய்ய 6,000, போய்வர வண்டி வாடகை 3,500. ஆக மொத்தம் 17,200.

இங்கே உப்புக்காற்று என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-ல் திறந்த ரயில் பாலம். பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தும் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். பட்டறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மெஷினின் இடுக்குகளில் அடைந்த மரத்தூள் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாடைக்காற்று நாளில் அது காயவே காயாது. அதனால்தான் துரு அடியிலிருந்து ஏறுகிறது. மேலாகப் படிந்த துரு என்றால் மண்ணெண்ணெயும் எமரித் தாளும் போதும். நகத்தால் தடவும்போது குழியில் நகம் தட்டினால் அது தேய்த்துப் போகிற துரு இல்லை.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும், மூன்றடி நீளத்தில் இரண்டு வேப்பம்பலகையும் எடுத்துப் போங்கள். வெறுமனே ஓட்டிக் காட்டினால் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும். இரண்டு பலகையின் ஓரத்தையும் அதில் இழைத்து, ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவிலோ முனையிலோ வெளிச்சம் கசிந்தால் டேபிள் நேராக இல்லை, அல்லது கத்தி சரியாகக் கட்டவில்லை. கத்தியைச் சரிசெய்த பிறகும் கசிந்தால் டேபிள்தான். பிறகு கரண்டை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கத்திகளைப் பிடித்துச் சுற்றும் கட்டர் பிளாக்கைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் போச்சு. பிளாக் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், விரல் போகும். ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய் மோட்டாரில் மெக்கர் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஒரு மெகாஓம்கூடக் காட்டாவிட்டால் ரீவைண்டிங் செலவை இப்போதே விலையில் கழித்துவிடுங்கள். மோட்டார் மூன்று பேஸ், உங்கள் இணைப்பு சிங்கிள் பேஸ் என்றால் மோட்டாருக்கே தனியாகப் பணம் வேண்டும்.

விலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். இன்றைய புது விலையில் பாதி. அதிலிருந்து மேலே சொன்ன செலவுகளைக் கழிக்க வேண்டும். என் மெஷினுக்குப் பாதி 36,000, செலவு போக 18,800. நான் கொடுத்தது அதைப்போல இரண்டு மடங்கு. எவ்வளவு கழித்தாலும் பழைய இரும்பு விலைக்குக் கீழே யாரும் தரமாட்டார்கள். 300 கிலோ மெஷின், அன்றைக்குக் கிலோ 20 ரூபாய், அதாவது 6,000. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேரம்.

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து "பாதி விலை என்பதெல்லாம் தப்பு, நல்ல காஸ்டிங்குக்கு, அதாவது நல்ல வார்ப்பிரும்பு உடம்புக்கு, முக்கால் விலையே கொடுக்கலாம்" என்று சொல்லக்கூடும். அங்கே உப்புக்காற்று இல்லை, சரிதான். நான் இந்தக் கரையில் நின்ற மெஷினை மட்டும் சொல்கிறேன். விற்கிற எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்லவில்லை. எனக்கு விற்றவருக்கே அடியில் என்ன இருந்தது என்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டும் வீடுகளில் இப்போது நிலை, கதவு எல்லாம் ரெடிமேடாக வெளியூரிலிருந்து இறங்குகிறது. ஐப்பசி மழையில் அது உப்பிக்கொண்டு மூடாதபோதுதான் ஆசாரி ஞாபகம் வருகிறது. "கொஞ்சம் இழைச்சுட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிட்டு நூறு ரூபாய் நீட்டுகிறார்கள். பட்டறை போடுமுன் மெஷின் விலையைப் பார்ப்பதுபோல, சுற்றுவட்டாரத்தில் மரக்கதவு கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்றும் விசாரியுங்கள். எனக்கு இது ரொம்ப நாளாகவே மனசில் கிடக்கிறது.

போய்ப் பார்த்துவிட்டு அடிப்பக்கம் எப்படி இருக்கிறது, மெக்கர் என்ன காட்டியது, புதுசு என்ன விலை என்று மூன்றையும் கீழே எழுதுங்கள். 48,000-ஐ எவ்வளவுக்குக் கேட்கலாம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.