உப்புக் காற்றும் மூன்று ஆக்டிவேஷனும்

வாசகர் கேள்வி – பதில்

(நாகர்கோவில் வடசேரியில் இருபது வருடத்துக்கும் மேலாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழுக்கு வந்தவற்றில் கம்ப்யூட்டர் கேம்களைக் காப்பி எடுக்காமல் தடுக்கும் பூட்டுகள் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

கேள்வி: 2009-ல் அப்பா வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கி வந்தார். ஒரிஜினல் டிஸ்க். பெட்டி, சீரியல் கீ அச்சடித்த தாள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முதலில் ஒரு தடவை இன்ஸ்டால் செய்தேன். வைரஸ் வந்து ஃபார்மட் அடித்ததும் இரண்டாவது தடவை. போர்டு துருப்பிடித்து மாற்றியபின் மூன்றாவது தடவை. இப்போது ஹார்ட் டிஸ்க் மாற்றிவிட்டுப் போட்டால், ஆக்டிவேஷன் வரம்பு முடிந்துவிட்டது என்கிறது. அப்பா இப்போது இல்லை. என் மகனுக்கு அந்த கேமைக் காட்ட வேண்டும் என்று ஆசை. வழி உண்டா? – ஒரு வாசகர், முட்டம்

பதில்: உண்டா இல்லையா என்பது அந்த கேம் கம்பெனியின் கையில் இருக்கிறது. எனக்கு ஆத்திரமே அதில்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளை, வாங்கியவர் வீட்டிலேயே திறப்பதற்கு இன்னொருவரிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டால் ஆகும்போது இந்த வகை கேம்கள் உங்கள் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் போர்டு, ஹார்ட் டிஸ்க் மாதிரியான பாகங்களின் அடையாளத்தைச் சேர்த்து ஒரு எண்ணாக்கும். அந்த எண்ணையும் தாளில் உள்ள சீரியல் கீயையும் நெட் வழியாகக் கம்பெனி சர்வருக்கு அனுப்பும். சர்வரில் உங்கள் கீக்கு ஒரு பற்றுக்கணக்கு ஓடுகிறது. புதிதாக அனுமதி வாங்கும்போதெல்லாம் அதில் ஒன்று கழியும். ஃபார்மட் அடித்தால் உங்கள் பெட்டியில் இருந்த அனுமதிக் கோப்பு அழிந்துபோகும், ஆனால் சர்வரில் கழிந்தது கழிந்ததுதான். போர்டை மாற்றினால், அதே மேசையில் அதே ஆள் உட்கார்ந்திருந்தாலும் அது வேறொருவர் பெட்டி என்று எடுத்துக்கொள்ளும்.

முட்டத்தில் ஒரு போர்டு எத்தனை வருடம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கமிருந்து வருகிற பெட்டிகளைத் திறந்தால் ரேம் செருகுகிற இடத்தில் பச்சை பூத்திருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பரால் ரேமின் பற்களைத் தேய்த்துச் செருகினால் சிலது எழுந்துவிடும். போர்டுக்குள் துரு இறங்கியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடலோர வீட்டில் பழுது என்பது வருடாவருடம் வருகிற செலவு. மூன்று தடவை போதும் என்று முடிவு செய்தவர்கள் இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த மூன்று கணக்கு உங்கள் கேமோடு மட்டும் நின்றதில்லை. 2007-ல் பயோஷாக் என்ற கேம் வந்தபோது இரண்டு தடவைதான் என்றார்கள். கூச்சல் எழுந்ததும் ஐந்தாக்கினார்கள், 2008 ஜூனில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அதே 2008-ல் மாஸ் எஃபெக்ட் கேமைப் பத்து நாளுக்கு ஒருமுறை நெட்டில் சரிபார்க்க வைப்பதாகத் திட்டம். எதிர்ப்பு வந்ததும் அதை விட்டுவிட்டு மூன்று ஆக்டிவேஷனில் வந்து நின்றார்கள். செப்டம்பரில் ஸ்போர் வந்தது, அதற்கும் மூன்றுதான். அமேசானில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள், அதன்பிறகே ஐந்தானது. அதன்பிறகே ஐந்தானது. பழைய ஆக்டிவேஷனைத் திரும்பப் பெறுகிற கருவி இன்னும் சில மாதம் கழித்துத்தான் வந்தது. இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. ஸ்போர் கடைக்கு வருவதற்கு முன்பே அதன் பூட்டு உடைத்த பிரதி நெட்டில் இருந்தது. அதை இறக்கியவருக்கு எண்ணிக்கையும் இல்லை, சர்வரும் இல்லை. கள்ளன் உள்ளே இருந்து விளையாடினான், துட்டு கொடுத்தவன் வாசலில் நின்றான்.

2012 தொடக்கத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து எழுதுகிறவர்கள், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட அனோ 2070 என்ற கேமை எடுத்துக்கொண்டார்கள். கார்டை மாற்ற மாற்ற ஒவ்வொரு ஆக்டிவேஷனாகக் கழிந்து, மூன்று கார்டோடு பூட்டிக்கொண்டது. மாற்றியது கார்டை மட்டும். போர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதேதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டிஸ்க், அது வந்த பெட்டி, கீ அச்சடித்த தாள் மூன்றையும் தெளிவாகப் படம் எடுங்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் உதவிப் பக்கத்தில், போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் பழுதானதால் மாற்றினேன், ஆக்டிவேஷன் எண்ணிக்கையை மீட்டுத் தாருங்கள் என்று நேராக எழுதுங்கள். எங்கள் கடையில் மாற்றியிருந்தால் அந்தப் பில்லையும் இணையுங்கள். பில் தொலைந்திருந்தால் கேளுங்கள், பழைய பில் புத்தகத்தில் தேடித் தருகிறேன். அதே கீயை அவர்களுடைய ஆன்லைன் கணக்கில் ஏற்ற முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகள் சில பழைய கீகளை அப்படி ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஏற்றுக்கொண்டால் டிஸ்க்கே தேவைப்படாது.

மகனுடைய புது லேப்டாப்பில் இந்த டிஸ்க்கை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பூட்டுகளில் சேஃப்டிஸ்க் வகையும் செக்யூராமின் பழைய வகைகளும் விண்டோஸின் அடிமட்டம் வரை நுழைந்து வேலை செய்தவை. அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்ட் 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்கையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் கடைக்கு வாருங்கள், கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். இதற்குக் காசு வேண்டாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், "கூட்டுக்காரன் எல்லாம் நெட்ல சும்மா இறக்குறான், நமக்கு மட்டும் ஏன் ரூவா?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது? – ஒரு ஆசிரியை, தக்கலை

பதில்: அவன் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தொடங்குங்கள் டீச்சர். காசு கொடுக்கிறவரைத் தண்டிக்கிற பூட்டைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்யும். மீதிப் பாதியை என் கடையில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

கல்லூரிக் கடைசி வருடம் படிக்கிற பையன் ஒருவன் லேப்டாப்போடு வந்தான். ஒரு கேமின் பூட்டை உடைக்கிற கிராக் ஃபைலை ஓட்டியிருக்கிறான். ஓட்டும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லி அதிலேயே எழுதியிருந்திருக்கிறது, நிறுத்திவிட்டான். மறுநாள் காலையில் எல்லா ஃபைலின் பெயரும் மாறியிருந்தது, பணம் கேட்டு ஒரு தாக்கீது. ப்ராஜெக்ட் முழுதும் அதற்குள். "அண்ணாச்சி, எப்பிடியாவது எடுத்துத் தாங்க" என்று அவன் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. என்னால் ஒரு ஃபைலைக்கூட மீட்க முடியவில்லை.

சட்டமும் இருக்கிறது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது குற்றம். வியாபாரத்துக்கு இல்லை என்றால் நீதிமன்றம் சிறைத்தண்டனை இல்லாமல் விட்டுவிடலாம், ஆனாலும் 50,000 ரூபாய் வரை அபராதம் போட இடமுண்டு. என் கடையில் கிராக் போட்டுத் தருவதில்லை. பக்கத்துக் கடையில் போட்டுத் தருகிறார்கள் என்று சொல்லி எழுந்து போனவர்கள் நிறையப் பேர். போகட்டும்.

கேள்வி: பேச்சிப்பாறையில் மழை தொடங்கினால் நெட் போய்விடும். நான் தனியாக விளையாடுகிற கேம்கூட, இணைப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. இதற்கு நெட் எதற்கு? – ஒரு மாணவர்

பதில்: விளையாடுவதற்கு வேண்டாம் தம்பி. உன்னைக் கண்காணிப்பதற்குத்தான் வேண்டும். ஆக்டிவேஷனை எண்ணுவதற்குப் பதிலாக, விளையாடுகிற நேரமெல்லாம் சர்வரோடு தொடர்பில் இரு என்று 2010-ல் யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி கொண்டுவந்தது. அவர்களுடைய அசாசின்ஸ் க்ரீட் 2 கேம் வந்த மார்ச் மாதமே சர்வர் தாக்கப்பட்டு, ஒழுங்காகக் காசு கொடுத்தவர்கள் விளையாட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2013 மார்ச்சில் சிம்சிட்டி என்ற கேம் வந்தபோதும் வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். நெட் இல்லாமல் ஆடுகிற வசதியை அதற்குக் கொடுக்க ஒரு வருடம் ஆனது.

நெட் நிற்கவே நிற்காது என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை இது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். ரப்பர் மரமும் கரண்டுக் கம்பமும் ரோட்டில் கிடந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நெட் இல்லை, கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லை. போனுக்குச் சார்ஜ் போடுவதற்காகத் தெருவே என் கடையில் கூடியது, ஜெனரேட்டர் வைத்திருந்தேன். பெரியவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருக்க, பயந்துபோயிருந்த பிள்ளைகளுக்குக் கடையில் கிடந்த ஒரு பழைய கார் பந்தய கேமை ஓட்டிவிட்டேன். எந்த சர்வரையும் கேட்காமல் அது ஓடியது. ஆளுக்கு ஒரு சுற்று என்று வரிசையில் நின்று ஆடினார்கள். அன்று அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் கொடுக்க என்னிடம் இருக்கவில்லை.

நீ ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியிருந்தால், மழைக்கு முன்பே நெட் இருக்கும்போது கேமை அப்டேட் செய்து ஒருமுறை திறந்து மூடிவிட்டு, நெட் இல்லாமல் ஆடுகிற ஆஃப்லைன் மோடுக்கு மாற்றி வை. பல கேம்கள் அதில் ஓடும். கேமே தனியாகச் சர்வரைத் தேடுகிற வகை என்றால் இந்த வழி உதவாது. வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தில் நிரந்தர இணைப்பு தேவை என்று போட்டிருக்கிறதா என்று பார். தெரியாமல் வாங்கிவிட்டாய் என்றால், 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கேள்வி: என் ஒரிஜினல் டிஸ்க்குக்கு நானே ஒரு காப்பி எடுத்து வைப்பது குற்றமா? – ஒரு வாசகர், திங்கள்சந்தை

பதில்: இல்லை. முறையாக வாங்கியவர், தொலைந்துபோனாலோ சேதமானாலோ உதவும் என்று மாற்றுப் பிரதி எடுத்துவைக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. பிரச்சினை நடைமுறையில்தான். பூட்டுள்ள டிஸ்க்குகளில் சாதாரண ரைட்டரால் எழுத முடியாத குறிகள் இருக்கும், காப்பியைப் போட்டால் ஒரிஜினலைப் போடு என்று கேட்கும். அந்தப் பூட்டை உடைப்பது வேறு விஷயம். உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவுப்படி இரண்டு வருடம் வரை சிறை. சட்டம் ஒரு கையால் கொடுத்ததைப் பூட்டு மறு கையால் வாங்கிக்கொள்கிறது.

கேள்வி: பெட்டியின் மேல் எழுதாமல் உள்ளே வரம்பு வைத்தால் வழக்குப் போடலாமா? – ஒரு வாசகர், குளச்சல்

பதில்: புகார் செய்யலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். சரியாகவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பெட்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், வழக்கு அதில்தான் நிற்கும்.

கேள்வி: பூட்டே இல்லாமல் விற்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? வாங்கினால் அது கடைசிவரை என்னுடையதாக இருக்க வேண்டும். – ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இருக்கிறார்கள். போலந்தில் 2008-ல் தொடங்கிய ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் வாங்கினால் இன்ஸ்டால் ஃபைலை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையும் கிடையாது, இன்ஸ்டால் செய்யும்போது நெட்டும் தேவையில்லை. 2015-ல் வந்த விட்சர் 3 போன்ற பெரிய கேமையே அப்படி விற்றார்கள். பூட்டு இல்லாமலே அது அமோகமாக விற்றது.

உங்கள் கவலை நியாயமானது. தி க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தினார்கள். தனியாக ஆடக்கூடிய பகுதியும் அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில், விற்ற கேமைச் சாகடிக்காதே என்று தொடங்கிய மனுவில் 2025 ஜூலை முடிவதற்குள் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025-லிருந்து, வாங்கு என்று பட்டன் வைக்கிற கடை, இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி நெட் இல்லாமல் வைத்துக்கொள்ளும்படி விற்கிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் ஊரிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வாங்கியதும் இன்ஸ்டால் ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில். அந்த ஹார்ட் டிஸ்க்கை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.