அக்கூஸ்டிக் கிட்டாரில் பிக்கப்பும் ப்ரீஆம்பும் பொருத்தப் பக்கப்பலகையை வெட்டத்தான் வேண்டுமா?

சர்ச் ஆராதனையிலும் டிசம்பர் மாதக் கேரல் ரவுண்ட்ஸிலும் வாசிக்கும் யமஹா எஃப் 310 கிட்டாரில், இணையத்தில் கிடைக்கும் ஐந்து பேண்டு ஈக்வலைசர் ப்ரீஆம்பை (பிக்கப்பின் மெல்லிய மின்சைகையை ஒலிபெருக்கிக்கு ஏற்றதாக்கும் சிறு மின்சுற்றுப் பெட்டியை) வாங்கி வீட்டிலேயே பொருத்தலாமா, அதற்காகப் பக்கப்பலகையை வெட்டினால் ஒலி கெட்டுவிடுமா, வேலூரில் யாரிடமாவது கொடுப்பதானால் எதைப் பார்த்துக் கொடுப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் மரவேலையோடு கிட்டார் பழுதுபார்ப்பதையும் சேர்த்துச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். வெட்டுவதால் ஒலி பெரிதாகக் கெட்டுவிடாது, ஆனால் வெட்டத் தேவையே இல்லாத வழி இருக்கிறது. பொருத்திய பிறகு ஒலி நன்றாக வருமா வராதா என்பதும் அந்தப் பெட்டியில் எத்தனை குமிழ்கள் இருக்கின்றன என்பதில் இல்லை. தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பட்டையான சேடிலின் அடிப்பாகம், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பின் மேல் எவ்வளவு சமமாக உட்காருகிறது என்பதில்தான் இருக்கிறது. என்னிடம் "பிக்கப் சரியில்லை" என்று வரும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் பிக்கப் நன்றாகவே இருக்கும்.

நீங்கள் சொல்லும் வகை ப்ரீஆம்போடு வருவது சேடிலுக்கு அடியில் வைக்கும் பீசோ பிக்கப். சில பொருள்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880ஆம் ஆண்டில் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இந்தப் பிக்கப்பும் அதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. தந்தி அதிரும்போது சேடில் கீழே கொடுக்கும் அழுத்தம் மாறிக்கொண்டே இருக்க, அந்த மாற்றம் சிறு மின்னழுத்தமாக வெளியே வருகிறது. ஆக, ஒரு தந்தியின் அழுத்தம் பிக்கப்பை முழுமையாக எட்டவில்லை என்றால் அந்தத் தந்தி ஒலிபெருக்கியில் மெலிந்துதான் கேட்கும். அதை எந்த ஈக்வலைசராலும் சரிசெய்ய முடியாது, ஏனெனில் ஈக்வலைசர் அதிர்வெண்களைப் பிரிக்குமே தவிரத் தந்திகளைப் பிரிக்காது.

பிறகு எதற்கு ப்ரீஆம்ப் என்று கேட்கலாம். பீசோ என்பது மின்னியல் கணக்கில் ஒரு சிறிய கெப்பாசிட்டர். அதை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால் கீழ் ஸ்தாயி முழுவதும் கரைந்துபோகும். கணக்காகச் சொன்னால், 500 பிக்கோஃபாரட் கொண்ட ஒரு பிக்கப்பை 1 மெகாஓம் மின்தடை கொண்ட உள்ளீட்டில் இணைத்தால் சுமார் 318 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை படிப்படியாகக் குறையத் தொடங்கும். 10 மெகாஓமில் இணைத்தால் அந்த எல்லை 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். உங்கள் கிட்டாரின் ஆறாம் தந்தி திறந்த நிலையில் ஒலிப்பது 82 ஹெர்ட்ஸில். மிக்சரின் லைன் உள்ளீடோ பெரும்பாலும் சில பத்து கிலோஓம்தான். இந்த இடைவெளியை அடைப்பதே ப்ரீஆம்பின் முதல் வேலை. டியூனரும் குமிழ்களும் அதற்குப் பிறகு வந்த வசதிகள்.

இனி சேடிலுக்கு வருவோம். சில மாதங்களுக்கு முன் குடியாத்தத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கிட்டாரில் நடுவிலுள்ள இரண்டு தந்திகள் மட்டும் முழங்கின. முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. பொருத்தியவர் ப்ரீஆம்பை ஒரு முறை மாற்றியும் கொடுத்திருக்கிறார். தந்திகளைத் தளர்த்திச் சேடிலை உருவி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, ஒரு முனையை விரலால் தொட்டேன். தோணியின் அடிப்பாகம் போல அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. உயரத்தைக் குறைக்கச் சேடிலைக் கையில் பிடித்துக்கொண்டு உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் முனைகள் இரண்டும் அதிகமாகத் தேய்ந்து நடுப்பகுதி புடைத்து நிற்கும், அது தவிர்க்க முடியாதது. போதாக்குறைக்கு, பிக்கப் ஒயர் உள்ளே இறங்கப் போட்ட துளையின் விளிம்பில் மரப்பிசிர் நின்றுகொண்டிருந்தது. அடியைச் சமன் செய்து, பிசிரை நீக்கி, அதே பழைய பிக்கப்பை மீண்டும் வைத்ததும் ஆறு தந்திகளும் ஒரே அளவில் வந்தன.

ஆகவே இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஒதுக்குங்கள். தந்தி உயரம் இப்போது உங்களுக்கு வசதியாக இருக்கிறது என்றால், பிக்கப்பின் தடிமன் எவ்வளவோ அவ்வளவைச் சேடிலின் அடியிலிருந்து எடுக்க வேண்டும். பட்டையாக வரும் பிக்கப்புகள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரும், ஒயர் போல உருண்டையாக வருபவை ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் இருக்கும். ஊகிக்காமல் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். தடித்த கண்ணாடியின் மேல் 220 எண் உப்புத்தாளை ஒட்டி, நேராக இழைத்த ஒரு மரக்கட்டையில் சேடிலைச் சாய்த்துப் பிடித்து, கட்டையையும் சேடிலையும் சேர்த்தே நகர்த்தித் தேயுங்கள். அடிப்பாகத்தில் முன்கூட்டியே பென்சிலால் கோடுகள் கிழித்துவைத்தால், எந்த இடம் தேய்கிறது, எந்த இடம் தாளைத் தொடவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். அவ்வப்போது மூலைமட்டத்தை வைத்து அடிப்பாகம் பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சேடில் பள்ளத்தில் விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், விரலால் இழுத்தால் வெளியே வர வேண்டும். குறடு கொண்டு பிடுங்க வேண்டிய அளவுக்கு இறுக்கமாக இருந்தால், தந்தியின் அழுத்தத்தைப் பள்ளத்தின் பக்கச்சுவர்களே தாங்கிக்கொண்டுவிடும். பிக்கப்புக்கு எதுவும் மிஞ்சாது. அதற்காகத் தளர்வாகவும் விட்டுவிடக் கூடாது. தளர்ந்தால் தந்திகளின் இழுப்பில் சேடில் முன்புறம் சாய்ந்து, அடியில் ஒரு விளிம்பு மட்டுமே பிக்கப்பைத் தொடும்.

சேடில் பள்ளத்தின் அடியும் சமமாக இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கிட்டார்களில் அங்கே பசைத்துளிகள் காய்ந்து கிடப்பது சகஜம். பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்ற மெல்லிய உளியால் அவற்றைச் சுரண்டி எடுங்கள். ஒயர் இறங்கும் துளையைப் பள்ளத்தின் ஒரு முனையில் 3 மில்லிமீட்டர் அளவில் போட்டால் பெரும்பாலான பிக்கப்புகளுக்குப் போதும். துளை நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்வாக இறங்கினால் பிக்கப் மடியாமல் வளைந்து போகும். டிரில்லை எடுப்பதற்கு முன் சவுண்ட் ஹோல் வழியாகக் கையை விட்டு, துளை இறங்கப்போகும் இடத்தில் எக்ஸ் வடிவ பிரேஸ் ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள். மேற்பலகையைத் தாங்குவதே அந்தச் சட்டம்தான். அதில் துளை விழக் கூடாது.

இப்போது வெட்டும் கேள்வி. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது எண்ட்பின் ப்ரீஆம்ப். ஃபிஷ்மன் மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மின்சுற்று கிட்டாரின் அடிமுனையில் உள்ள ஜாக்கோடு (கேபிள் செருகும் இடம்) சேர்ந்தே இருக்கும், வால்யூமும் டோனும் சவுண்ட் ஹோலின் உள்விளிம்பில் விரலுக்கு எட்டும்படி ஒட்டிக்கொள்ளும், கிட்டாரின் வெளித்தோற்றத்தில் ஸ்ட்ராப் பின் இருந்த இடத்தில் ஜாக் வருவதைத் தவிர வேறு மாற்றம் இராது. விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் இதே அமைப்பில் மலிவான தயாரிப்புகளும் கிடைக்கின்றன. சேடில் சரியாக அமர்ந்தால் அவையும் ஆராதனைக்குப் போதுமான அளவு நன்றாகவே பாடும். பக்கப்பலகையில் வைக்கும் பெட்டிகளில் எனக்குள்ள மனக்குறை ஒலி பற்றியதல்ல. ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள, வளைந்த ஒரு பலகையில் தட்டையான பிளாஸ்டிக் சட்டத்தை நான்கு திருகுகளில் இறுக்குகிறோம்; சில ஆண்டுகளில் அந்தப் பெட்டி பழுதானால் அதே அளவில் வேறொன்று கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை, போட்ட ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். மேடையில் டியூனரும் ஈக்வலைசரும் கைக்கு அருகில் கட்டாயம் வேண்டும் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. காகித அச்சை ஒட்டி, நான்கு மூலைகளிலும் துளையிட்டு, மெல்லிய இழைவாளால் கோட்டுக்குச் சற்று உள்ளே அறுத்து, மீதியை அரத்தால் எடுங்கள். உட்புறம் சுற்றிலும் மெல்லிய பிளைவுட் பட்டைகளை ஒட்டினால் பலகை விரியாது.

எண்ட்பின் ஜாக்குக்கு அடிக்கட்டையில் 12 முதல் 12.7 மில்லிமீட்டர் வரை துளை வேண்டும். சாதாரண டிரில் பிட்டை நேராக வைத்தால் வார்னிஷ் செதில் செதிலாகப் பெயரும். மாஸ்க்கிங் டேப் ஒட்டி, படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் பிட்டைப் பயன்படுத்துங்கள். கூம்பு வடிவ ரீமர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜாக்கை உள்ளேயிருந்து துளைக்குக் கொண்டுவருவதற்குள் பலர் பொறுமை இழந்துவிடுவார்கள். 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு மரக்குச்சியை வெளியிலிருந்து துளை வழியாக விட்டுச் சவுண்ட் ஹோலில் எடுத்து, அதன் முனையில் ஜாக்கைச் செருகி மெதுவாக இழுத்தால் தானாக வந்து நிற்கும். இந்த ஜாக்கின் தலை பழைய ஸ்ட்ராப் பின்னைவிடப் பெரிது என்பதால் கிட்டாரைத் தோளில் மாட்டும் பட்டையின் துளை பற்றாது. நம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோலுக்கா பஞ்சம், புதிய பட்டை தைக்கக் கொடுக்கும்போதே துளையைப் பெரிதாகப் போடச் சொல்லிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், பெட்டியோடு வரும் ஒட்டுப்பசை ஒயர் கிளிப்புகள் கழன்று விழுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிறகு ஒயர் மேற்பலகையின் அடியில் தட்டி, ஏதோ பிரேஸ் விட்டுப்போனது போலச் சலசலக்கும். கிளிப் ஒட்டும் இடத்தைத் தூசு போக உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய பூச்சாக மரப்பசை தடவிக் காயவிட்டு, அதன் மேல் ஒட்டினால் நிற்கும். 9 வோல்ட் பேட்டரியின் பைக்கும் இதே முறைதான். பேட்டரி பற்றி இன்னொன்று: இந்த ப்ரீஆம்புகளில் தனி சுவிட்ச் இருப்பதில்லை, ஸ்டீரியோ ஜாக்கில் கேபிளைச் செருகுவதே சுவிட்ச். 3 மில்லிஆம்பியர் இழுக்கும் ப்ரீஆம்புக்கு நல்ல ஆல்கலைன் பேட்டரி 150 மணி நேரம் வரை வரும், ஆனால் சனிக்கிழமை ஒத்திகை முடிந்து கேபிளைப் பிடுங்காமல் போவதை வழக்கமாக்கிக்கொண்டால் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவே ஒலி கரகரக்கத் தொடங்கும்.

பொருத்தி முடித்ததும் ஹம் இரைச்சல் கேட்டால் உடனே பிக்கப்பைச் சந்தேகிக்காதீர்கள். பழைய கட்டடங்களிலும், கேரல் ரவுண்ட்ஸில் வீட்டுக்கு வீடு கரண்ட் எடுக்கும்போதும், எர்த் சரியாக இல்லாத பிளக் பாயின்டுகள் நிறைய உண்டு. இரைச்சலை நிறுத்த ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. தந்தியில் ஒரு கையும் மைக்கில் வாயுமாக நிற்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள ஒரு டிஐ பாக்ஸை (கிட்டாரின் சைகையை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி) வாங்கி இடையில் வையுங்கள், எர்த் லூப்பால் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்வதால்) வரும் இரைச்சல் அதிலேயே நின்றுவிடும். ஊளைச் சத்தம் வேறு விஷயம்: உங்களுடையது போன்ற டிரெட்நாட் (பெரிய, அகன்ற வடிவ) உடலின் காற்றதிர்வு 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால் அந்த இடத்தில்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அங்கே சற்றுக் குறைத்து, ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் சவுண்ட் ஹோலை மூடும் ரப்பர் மூடி இருக்கிறது.

கடைசியாக, யாரிடம் கொடுப்பது. கடைப்பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காட்பாடியிலோ வேலூரிலோ எந்தக் கடைக்குப் போனாலும், "சேடிலை எவ்வளவு குறைப்பீர்கள், எதில் வைத்துத் தேய்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். பிக்கப்பை அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்பவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம். சேடிலைத் தொடவே வேண்டாம், அப்படியே பிக்கப்பை அடியில் நுழைத்துவிடலாம் என்பவரிடம் கொடுத்தால் தந்தி உயரம் கூடி, ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்க விரல் வலிக்கும். வேலை முடிந்ததும் ஒலிபெருக்கியில் இணைத்து, ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியாக ஒரே விசையில் மீட்டிக் காட்டச் சொல்லி, ஆறும் சமமாக வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.