லா ஃபாலெட் தோற்றவரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க செனட்டர் ராபர்ட் லா ஃபாலெட் பெயரை அடிக்கடி எடுக்கிறீர்களே என்று தேடிப் படித்தேன். முதல் உலகப் போரில் இறங்க வேண்டாம் என்றார், செனட்டில் 82க்கு 6 என்று தோற்றார். 1924இல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார், சொந்த மாநிலமான விஸ்கான்சினைத் தவிர எல்லா இடத்திலும் தோற்றார். இவரிடம் அப்படி என்ன கண்டீர்கள்?
க.

அன்புள்ள க.,

கணக்கெல்லாம் சரிதான். ஆனால் 1917 ஏப்ரல் 4 வாக்கெடுப்போடு நீங்கள் நின்றுவிட்டீர்கள், எனக்கு அவர்மேல் பிரியம் வந்ததே அதற்கு அப்புறம் நடந்ததைப் படித்துத்தான்.

அந்த செப்டம்பரில் செயின்ட் பால் நகரில் விவசாயிகள் அமைப்பு கூட்டிய கூட்டம். ஜெர்மனியால் நமக்குப் பாதிப்பு உண்டு, ஆனால் போருக்குப் போகிற அளவுக்கு இல்லை என்று பேசினார். அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் அனுப்பிய செய்தியில் அந்த ‘உண்டு’, ‘இல்லை’ ஆகிவிட்டது. ஒரே ஒரு சொல். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அது வந்து, ஆளைத் துரோகி என்றார்கள், செனட்டை விட்டு நீக்கச் சொல்லி மினசோட்டாவிலிருந்து மனு போனது. அவர் படித்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியர்கள் 400 பேருக்கு மேல் அவரைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. விஸ்கான்சின் கவர்னராக இருந்தபோது அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களைக் கூப்பிட்டு வைத்து யோசனை கேட்டுச் சட்டம் போட்டவர் அவர்.

அக்டோபர் 6ஆம் தேதி செனட்டில் எழுந்தார். தன்மேல் வந்த புகாரைப் பற்றி வாதாடவில்லை. போர்க்காலத்தில் பேச்சுரிமை என்பதைப் பற்றியே பேசினார். ஜனங்கள் வாயைத் திறந்து பேச வேண்டியது மற்ற காலத்தைவிடப் போர்க்காலத்தில்தான் அதிகம் என்பது அதன் சாரம்.

செயின்ட் பால் செய்தி தப்பு என்று அசோசியேட்டட் பிரஸ் 1918 மே மாதத்தில் ஒத்துக்கொண்டது. புகாரைக் கைவிட செனட்டுக்கு 1919 ஜனவரி ஆயிற்று, அப்போதும் 21 பேர் ஒத்துக்கொள்ளவில்லை. விஸ்கான்சின் மக்கள் 1922இல் அவரைத் திரும்பவும் ஜெயிக்க வைத்தார்கள். அதே வருஷம்தான் டீபாட் டோம் என்ற அரசு எண்ணெய் வயலைத் தனியாருக்குக் குத்தகை விட்டதை விசாரிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார், அது கடைசியில் ஒரு அமைச்சரைச் சிறைக்கு அனுப்பியது.

குறையே இல்லாத மனிதர் என்று சொல்லவில்லை. 1912இல் பிலடெல்பியாவில் பத்திரிகை அதிபர்கள் விருந்தில், மகளுக்கு அறுவை சிகிச்சை இருந்த சமயம், களைத்துப்போய் நிறுத்தத் தெரியாமல் பேசிப் பேசித் தன் ஜனாதிபதி வேட்பாளர் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டார். கோபக்காரர், விட்டுக்கொடுக்கவும் தெரியாது. ஆனால் கப்பலை விட்டு ஓடிய மாலுமியைப் பிடித்துச் சிறையில் போடும் வழக்கத்தை 1915இல் சட்டம் போட்டு ஒழித்ததும் அந்தப் பிடிவாதம்தானே?

1924இல் அவருக்கு விழுந்தவை சுமார் 48 லட்சம் வாக்குகள், ஏறத்தாழ ஆறில் ஒன்று. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்று வாங்கியவை.

அந்த அக்டோபர் பேச்சை நேரம் ஒதுக்கி முழுசாகப் படியுங்கள். படித்துவிட்டும் இதே கேள்விதான் என்றால் எழுதுங்கள், பேசலாம்.