ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "முதல்முறையாக நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். ரைசன் 5 5600 ப்ராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கலர் லைட்டும் எரிகிறது. மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். ஹெச்டிஎம்ஐ கேபிளை போர்டின் பின்பக்கம் செருகியிருக்கிறேன். போர்டின் ஓரத்தில் ஒரு குட்டி சிவப்பு லைட் அணையாமல் எரிகிறது. கடையில் கேட்டால், 'போர்டு போயிருக்கும், கொண்டு வாங்க' என்கிறார்கள். கழற்றிக் கொண்டுபோகட்டுமா சார்?"

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த போர்டு செத்தே வருவது உண்டுதான். ஆனால் டிஸ்பிளே வரவில்லை என்று என்னிடம் வந்த புது மெஷின்களில், ஏதோ ஒரு வயர் செருகாமலோ பாதி செருகியோ இருந்தவைதான் அதிகம். ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். ஃபேனுக்குத் தேவை 12 வோல்ட், அது பெரிய 24 பின் கனெக்டர் வழியாகவே வந்துவிடும். ப்ராசஸருக்கு மின்சாரமே போகாவிட்டாலும் பெரும்பாலான போர்டுகளில் ஃபேன் ஜோராகச் சுற்றும், கலர் லைட் ஜொலிக்கும்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு தப்பு தெரிகிறது. கேபிளை போர்டில் செருகியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதன் வழியாகப் படம் வராது. 5600ஜி வாங்கியிருந்தால் வந்திருக்கும். அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது வித்தியாசம். இன்டெலில் இது தலைகீழ். 12400 என்றால் கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப் என்றால் இல்லை. ஆகவே கேபிளைப் பிடுங்கி, கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டில் செருகுங்கள். மானிட்டரின் மெனுவில் அதே ஹெச்டிஎம்ஐ இன்புட்தான் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுத்து, கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் லைட் அணைந்து எரிந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, திரைக்குப் போகும் வழியில்தான் கோளாறு.

படம் வந்துவிட்டால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு லைட் அணையவில்லை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது.

அந்த லைட்டின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சொல் இருக்கும். மொபைல் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சிபியூ (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிரைவ்) என்று நான்கு லைட்டுகள் வரிசையாக இருக்கும். ஆன் செய்ததும் போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும். சோதனை முடிந்ததும் அந்த லைட் அணைந்துவிடும். எதில் நின்றுவிடுகிறதோ அங்கேதான் சிக்கல். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். கடைக்காரரிடம் "சிவப்பு லைட்" என்று சொல்வதைவிட "சிபியூ லைட்" என்று சொன்னால் அவரும் வேறு மாதிரி பதில் சொல்வார்.

உங்கள் பார்ட்ஸ் பட்டியலைப் பார்த்தால், நின்றிருப்பது சிபியூ லைட் என்றுதான் என் மனம் சொல்கிறது. அப்படியானால் முதல் வேலை, போர்டின் மேல் இடது மூலையில் 8 பின் பவர் கனெக்டர் செருகியிருக்கிறதா என்று பார்ப்பது. ப்ராசஸருக்கான மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. கேபினெட்டின் மேல் விளிம்பும் கூலரும் மறைப்பதால் அது கண்ணில் படாது, கையும் நுழையாது. முதல்முறை அசெம்பிள் செய்பவர்கள் மறப்பது இதைத்தான். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் இந்த வயர் பெரும்பாலும் 4+4 என இரண்டாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான வயர் 6+2 என்று பிரியும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், 12 வோல்ட்டும் கிரவுண்டும் இரண்டிலும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் வயர் மாறிவிட்டது என்று அர்த்தம், அழுத்தித் திணிக்கக் கூடாது.

அது சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சிபியூ லைட் எரிகிறது என்றால் அடுத்த சந்தேகம் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். பி450 சிப்செட் 2018-இல் வந்தது. உங்கள் 5600 வந்தது 2022 ஏப்ரலில். கடையில் நாள்பட்டுக் கிடந்த போர்டு என்றால், அதிலுள்ள பயாஸுக்கு இப்படி ஒரு ப்ராசஸர் பிறந்ததே தெரியாது. அடையாளம் தெரியாத ஆளுக்கு அது கதவைத் திறக்காது. போர்டு பெட்டியின்மேல் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைத் திறந்தால், 5600-க்கு எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு என்று எழுதியிருக்கும். சில போர்டுகளில் பயாஸ் சிப்மேலேயே பதிப்பு எண் ஒட்டியிருப்பார்கள், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பழைய பயாஸ்தான் என்று உறுதியானால், போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ் பயாஸ் என்று ஒரு குட்டிப் பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதிர்ஷ்டம். ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புது பயாஸ் கோப்பைப் போட்டு, மேனுவலில் சொன்ன பெயரை அதற்கு வைத்து, குறித்த யூஎஸ்பி போர்ட்டில் செருகி, அந்தப் பட்டனை அழுத்தினால் போதும். டிஸ்பிளேவே தேவையில்லை. முடியும்வரை கரண்ட் போகக் கூடாது, அதனால் யூபிஎஸ்-இல் செருகிச் செய்யுங்கள். பி450 போர்டுகளில் பலவற்றுக்கு இந்தப் பட்டன் கிடையாது. அப்போது, பழைய பயாஸுக்குத் தெரிந்த 2000 வரிசை ரைசன் ஒன்றை மாட்டித்தான் அப்டேட் செய்ய முடியும். அது கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை. போர்டையும் ப்ராசஸரையும் ஒரே கடையில் வாங்கியிருந்தால் காசு கேட்பது நியாயமில்லை என்பது என் கட்சி.

ப்ராசஸரைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்ற கட்டம் வந்தால் ஒரு எச்சரிக்கை. உங்களுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸரில் பின்கள் ப்ராசஸரின் அடியிலேயே இருக்கின்றன, மொத்தம் 1331. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டால், கூலரை நேராகத் தூக்கும்போது லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் சாக்கெட்டைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கூலரின் ஸ்க்ரூக்களைக் கழற்றியபின் அதை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் வளைத்த பின்கள் ஏழு. பிளேடு முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நின்றது டிராம் லைட் என்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். இரண்டு ராமையும் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும், ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில், அதாவது ஏ2-வில் போடுங்கள். புது ஸ்லாட் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும். போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுவோம். 'டக்' என்று சத்தம் வந்து கொக்கி தானே மூடும்வரை இரு முனையிலும் அழுத்த வேண்டும். பல போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம்தான் இருக்கும், மறுமுனை உட்கார்ந்த மாதிரி தோன்றும், உட்கார்ந்திருக்காது. ஒன்றில் வந்தால் அடுத்ததை பி2-வில், நான்காவது ஸ்லாட்டில் சேருங்கள். ரப்பரால் தேய்க்கும் நம்மூர் வைத்தியம் பழைய ராமுக்கு. நேற்று பிரித்த ராமுக்கு அது வேண்டாம், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் தனித் தலைவலி.

இதைப் படிக்கும் வேறு யாராவது டிடிஆர்5 ராம் போடும், ரைசனின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 மெஷின் கட்டியிருந்தால் ஒரு வார்த்தை: முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அத்தனை நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும், டிராம் லைட்டும் எரியும். பொறுமை இழந்து ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

விஜிஏ லைட் என்றால் கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகி, 8 பின் பவர் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூட் லைட் என்றால் கவலையே இல்லை, விண்டோஸ் போடாத டிரைவ் என்று போர்டு புலம்புகிறது, அவ்வளவுதான்.

எல்லாம் பார்த்தும் அசையவில்லையா? எஸ்எம்பிஎஸ் பின்னாலுள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, போர்டில் காசு போலிருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப மாட்டுங்கள். பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால், கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை பாக்கி. போர்டை கேபினெட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டிமேல் வையுங்கள். வெள்ளிநிற ஆன்டி ஸ்டாட்டிக் கவர்மேல் வைக்க வேண்டாம், அதன் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடும். ப்ராசஸர், கூலர், ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு, போர்டுக்கான இரண்டு பவர் வயர், கார்டுக்கான 8 பின் வயர், இவை மட்டும் போதும். பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகிவிடும். இப்போது டிஸ்பிளே வந்தால் குற்றவாளி கேபினெட். போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்களில் ஒன்று, போர்டில் ஓட்டையே இல்லாத இடத்தில் நின்று அடியில் ஷார்ட் செய்துகொண்டிருக்கும். அதைக் கழற்றினால் தீர்ந்தது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ் மாடுலர் வகை, அதாவது வயர்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது என்றால், வயர் எட்டவில்லை என்று நண்பரின் வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ் வயரைக் கடன் வாங்கிச் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி இல்லை. முனை அழகாகப் பொருந்தும், ஆன் செய்த நொடியில் டிரைவ் புகையும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர்கள் சார்ஜோடு இருக்கும்.

வெளியே எடுத்து வைத்தும் சிபியூ லைட் அணையவில்லை என்றால் கடைக்குக் கிளம்புங்கள். போர்டை மட்டும் கொண்டுபோகாமல் ப்ராசஸர், கூலர், ராமையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். "போர்டு போயிருக்கு" என்று ஆரம்பிக்காமல், "8 பின் போட்டாச்சு, சிபியூ லைட்டில் நிற்குது, பயாஸ் அப்டேட் பண்ணி உங்க டேபிள்லயே இந்தப் ப்ராசஸரோட ஆன் செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். அங்கும் வராமல், அவர்களிடமிருக்கும் வேறு போர்டில் உங்கள் ப்ராசஸர் ஓடினால், அப்போது போர்டு மாற்றச் சொல்லலாம். பில்லையும் அட்டைப்பெட்டியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.